பொய்ப் பெயருக்கு ஐம்பது குவாச்சா

இன்றைக்கு என் பெயர் எஸ்தர்.
வயது பதினாறு.
காதலன் மீன் வியாபாரி, பத்தொன்பது வயது,
கிட்வேக்குப் போனவன் திரும்பவில்லை.
எனக்கு நாள் தள்ளி மூன்று வாரம்.
மினிபஸ்ஸில் உருப்போட்டுக்கொண்டே வந்தேன்
என் காலடியில் யாருடைய கோழியோ.

ஆய்வுக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்:
நடிக்கிறாய் என்று தெரியக் கூடாது.
பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே.
ஒரு கிளினிக்குக்கு ஐம்பது குவாச்சா, பஸ் காசு தனி.
இருபத்து மூன்று கேள்வி.
வெளியே வந்து மறப்பதற்குள் நிரப்ப வேண்டும்.

முதல் கிளினிக்.
மறைப்பு இருந்ததா? ஆம்.
பூப்போட்ட துணி, பாதிச் சுவர் வரைக்கும்.
பங்வேலு ஏரிக் காற்று
என் வாக்கியம் முடியுமுன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனது.
அந்தப் பக்கம் தடுப்பூசி வரிசையில்
எங்கள் சபைப் பாடகர் குழுவின் மூன்று பெண்கள்.
காற்றுக்குக் கட்டமில்லை படிவத்தில்.

இரண்டாவதில்
இளையோர் அறை இருந்ததா? ஆம்.
சுவரில் சிரிக்கிற பையனும் பெண்ணும், புதுப் பெயின்ட்.
கதவில் பூட்டு.
சாவிக்காரர் பயிலரங்கத்துக்கு மான்சா போயிருக்கிறார்.
ஜன்னலில் முகம் வைத்துப் பார்த்தேன்:
கொசுவலை மூட்டைகள்,
கூரைவரை,
யாருடைய தொந்தரவும் இல்லாமல்.

மூன்றாவதில் ஆணுறை கேட்டேன்.
அன்றைக்கு என் பெயர் ரூத்.
"பள்ளிக்கூடம் அனுப்பியது இதற்கா?" என்றார் நர்ஸ்.
அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.
பிறகு குரலைத் தாழ்த்தினார்:
"நீ கசோங்கோவின் தங்கை இல்லையோ?"
மரியாதையாக நடத்தினாரா, ஒன்று முதல் ஐந்து வரை.
ரூத்துக்கு ஒன்று போட்டேன்.
கசோங்கோவின் தங்கைக்குப் போட எண்ணில்லை.

நான்காவதில் மூன்று மணி நேரம் காத்திருந்தேன்.
சிஸ்டர் கபாசோ. மூன்று பேர் வேலைக்கு ஒற்றை ஆள்.
கையுறைப் பெட்டியைக் குலுக்கிப் பார்த்துவிட்டு
சொல்லு, என்றார்.
மீன் வியாபாரி, கிட்வே, என்று ஆரம்பித்தேன்.
"பத்தொன்பது வயது," என்றார், எழுதுவதை நிறுத்தாமல்.
"மார்ச்சிலிருந்து நீ நான்காவது எஸ்தர்.
பாவம், அந்தப் பையன் கிட்வேயிலேயே கிடக்கிறான்."

வேர்த்தது எனக்கு. ஐம்பது குவாச்சா போச்சு.

அவர் எழுந்து ரேடியோவை அணைத்தார்.
கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
தன் நாற்காலியை இழுத்துக் கதவோடு ஒட்டிப் போட்டு
அதிலேயே உட்கார்ந்தார்.
வெளியிலிருந்து யாரோ தள்ளினார்கள்.
காலை ஊன்றிக்கொண்டார்.

"கர்ப்பம் பார்க்கிற பட்டை ஏப்ரலிலிருந்து இல்லை.
ஊசி இருக்கிறது. மாத்திரை இரண்டே அட்டை.
பெரிய எழுத்தில் எழுது.
எஸ்தருக்கு அவ்வளவுதான்.
உனக்கு ஏதாவது உண்டா? உன்னுடையது?"

உருப்போட்டதெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.
முவேன்யா, என்றேன். பதினேழு.
என் வாயில் என் பெயரே
இரவல் செருப்பு மாதிரி இருந்தது.
அப்புறம் சொன்னேன்.

என்ன சொன்னேன் என்பது
இருபத்து மூன்றில் எதற்கும் பதிலில்லை.
உங்களுக்கும் சொல்வதற்கில்லை.
அவர் உச்சுக் கொட்டவில்லை. யார் என்று கேட்கவில்லை.
"வலிக்கிறதா, பயமாயிருக்கிறதா,
எதை முதலில் பார்க்கலாம்?" என்றார்.
கதவை மறுபடி தள்ளினார்கள்.
"இருங்கள்!" என்று ஒரு சத்தம் போட்டார்,
என் பக்கம் திரும்பும்போது அந்தச் சத்தம் முகத்தில் இல்லை.

ஏரிக்கரை. பாய் பாயாகக் காயும் பொடிமீன்.
படிவம் மடியில்.
ஆய்வுக்கு வந்தவர் என்று பணியாளர் கண்டுகொண்டாரா?
ஆம் போட்டால் வருகை செல்லாது, காசும் கிடையாது.
பேனாவைக் கொஞ்ச நேரம் கடித்துக்கொண்டிருந்தேன்.
ஆம்.

வேறு குறிப்புகள்: ஒன்றரை வரி இடம்.
பட்டை இல்லை, ஏப்ரலிலிருந்து.
இன்னும் இடமிருந்தது.
கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும்.
விளிம்பில், பொடி எழுத்தில்:
அதுவரைக்கும்
சிஸ்டருக்கு இன்னொரு நாற்காலி.